சீஸ் சீவல் நுழையும் இடைவெளி

கல்யாண மோதிரத்தை அரை மணி நேரத்தில் வாங்கிவிட்ட ஆஸ்முன், துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பிடித்து நிறுத்தும் இரண்டு இரும்பு வளையங்களை வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். எதில் அவனுக்குப் பொறுப்பு அதிகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குளோம்மா ஆற்றங்கரை மர மில்லில் முப்பத்தொரு வருடம் பலகை அறுத்த மனிதன். பேச்சில் சிக்கனம், அபிப்பிராயத்தில் தாராளம். ஸ்கோப் என்பது குழலோடு ஒட்டினாற்போல் தாழ்ந்து உட்கார வேண்டும், உயரமான வளையம் போடுகிறவன் வேட்டைக்காரனே இல்லை என்பது அவற்றில் தலையாயது.

மனைவி ஹெர்போர்க்கின் தம்பி ஸ்வைனுங் உயரமான வளையம்தான் போட்டிருந்தான். கோடை முழுக்க அவனுக்கு நிம்மதி இல்லை.

"என்ன மச்சான், துப்பாக்கி மேல பாலம் கட்டியிருக்க? அடியில ஆடு மேயுமா?"

"மேயும். பால் கறந்தா உனக்கும் ஒரு சொம்பு அனுப்புறேன்."

ஆஸ்முன் வாங்கிய புது ஸ்கோப்பின் முன்கண்ணாடி காபிக் கோப்பை வாய் அகலம். இதற்கு உயர வளையம்தான் சரிப்படும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். கடைக்காரருக்கு என்ன தெரியும், முப்பது வருடமாக இதைத்தானே விற்கிறார்! ஆஸ்முன் கடையில் இருந்ததிலேயே குட்டையான ஜோடியை வாங்கிவந்தான்.

சமையலறை மேசையில் மாட்டினால், முன்கண்ணாடி வெறுங்கண்ணால் குறிபார்க்கக் குழல்மேல் இருந்த பழைய குறிக்கட்டையில் போய் முட்டியது. வேறொருவனாக இருந்தால் கடைக்குத் திரும்பியிருப்பான். ஆஸ்முன் ஸ்கோப்பை இரண்டு விரல்கடை பின்னால், கண் பக்கமாக இழுத்தான். முட்டுவது நின்றது. பழுப்பு சீஸை மெல்லியதாகச் சீவி இடுக்கில் விட்டுப் பார்த்தான். நுழைந்தது.

"பாத்தியா? அளவெடுத்த மாதிரி இருக்கு."

"சீஸுக்கு இடம் இருக்கு, சரி. உன் புருவத்துக்கு எங்க இடம்?" என்றாள் ஹெர்போர்க். வேட்டைக்குழுவின் தலைவி அவள்தான். வீட்டில் அவள் பேச்சு எடுபடாதது வேறு விஷயம்.

வருடாவருடம் வேட்டைக்கு முன் பரீட்சை உண்டு. நூறு மீட்டரில் நிற்கும் மூஸ் மான் படத்தில், வட்டத்துக்குள் ஐந்து குண்டும் விழ வேண்டும். விழாதவன் துப்பாக்கி தூக்க முடியாது, காபிக் கெட்டிலைத் தூக்கலாம். சதுப்பின் ஓரத்தில், மானுக்காகக் காத்து உட்காரும் ஏழாம் காவலிடம் இருபத்தாறு வருடமாக ஆஸ்முனுடையது. அவன் தோற்றால் அது ஸ்வைனுங்குக்குப் போகும்.

புதன்கிழமை பயிற்சியில் முதல் குண்டு வெடித்தது. துப்பாக்கி உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை நிலா வரைந்தது. ஸ்கோப்பைக் கண்ணுக்கு மிக அருகில் மாட்டியவனுக்குத்தான் அந்தப் பிறை விழும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். பிளாஸ்திரி போட்டுக்கொண்டு அன்றே பரீட்சைக்குத் துப்பாக்கியோடு குப்புறப் படுத்தவன், ஒவ்வொரு குண்டுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டான். வட்டத்துக்குள் இரண்டு, மானின் காலில் ஒன்று, பின்னாலிருந்த மண்மேட்டில் இரண்டு.

"மான் பொழச்சுக்கும். கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான்" என்றான் ஸ்வைனுங்.

ஹெர்போர்க் சிரிக்கவில்லை. "மறுபடி சுட வெள்ளிக்கிழமை கடைசி நாள். புருஷன்னு பாத்தா குழுவை நடத்த முடியாது."

வியாழன் சாயங்காலம் ஆஸ்முன் மச்சான் வீட்டு வாசலில் நின்று உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசினான். மழையைப் பற்றிப் பேசினான். ஸ்வைனுங்கும் கதவைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகக் கேட்டான்.

"மச்சான், அந்தப் பாலம்... இன்னொரு ஜோடி கெடைக்குமா?"

"எது, ஆடு மேயுமே, அந்தப் பாலமா?"

"அதேதான்."

ஸ்வைனுங் மேசை இழுப்பறையிலிருந்து பிரிக்காத பொட்டலத்தை எடுத்தான். "நீ குட்டை வளையம் வாங்கின அன்னிக்கே வாங்கி வெச்சுட்டேன். உன்ன எனக்குத் தெரியாதா? ஆனா வேட்டை அன்னிக்கு, காபி நெருப்புகிட்ட, எல்லார் முன்னாடியும் உயரம்தான் சரின்னு நீ சொல்லணும்."

"நீ இதக் குடுக்காம இருந்தா உனக்குத்தான ஏழாம் இடம் கெடைச்சிருக்கும்?"

"அங்க உக்காந்தா நாள் முழுக்க உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். யாருக்கு வேணும்?"

உயர வளையத்தில் ஸ்கோப்பை முன்னே தள்ளி மாட்டி, விடிந்ததும் குறி சரிபார்த்தார்கள். வெள்ளிக்கிழமைப் பரீட்சையில் ஐந்து குண்டும் வட்டத்துக்குள்.

வேட்டையின் முதல் நாள், நெருப்பைச் சுற்றி ஒன்பது பேர் காத்திருக்க, ஆஸ்முன் தொண்டையைச் செருமினான்.

"உயர வளையம் பரவாயில்ல" என்றான். சற்று யோசித்து, "இந்தத் துப்பாக்கிக்கு" என்று சேர்த்தான்.

அதற்கு மேல் பெயராது என்று ஸ்வைனுங்குக்குத் தெரியும். கெட்டிலை எடுத்து ஆஸ்முனின் கோப்பையை நிரப்பினான். ஆஸ்முன் எழுந்து, பிளாஸ்திரியைத் தடவியபடி, ஏழாம் இடத்துக்கு நடந்தான்.