அம்மாவுக்குத் தைத்த முக்கோணப் போர்வை

அம்மா படுக்கையில் விழுந்ததும் கார்மெண்ட் வேலையை விட்டுவிட்டு எல்கடுவைக்குத் திரும்பினேன். தம்பி குடும்பத்தோடு கொழும்பில் இருந்தான். வருகிறேன் என்பான், வரமாட்டான். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து லய வீட்டில் சுவரே சில்லிட்டுக் கிடக்கும். இருந்த கம்பளி அம்மாவுக்குப் போதவில்லை. துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கனமாக ஒரு போர்வை தைக்கலாம் என்று மாத்தளைக்குப் போய்க் கட்பீஸ் வாங்கி வந்தேன்.

வெளிர்நிறத்தில் ஒரு சதுரம், அடர்நிறத்தில் ஒரு சதுரம். இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட வேண்டும். கோட்டுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டி விரித்தால் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரு நிறத்து முக்கோணங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். கார்மெண்டில் நான் வருடக்கணக்காகச் சட்டைக் கை மட்டுமே தைத்தவள். குறுக்கே வெட்டிய துணி, அயன்பெட்டியை அழுத்தித் தேய்த்தால் இழுபட்டுக் கோணிவிடும். முதலில் தைத்தவற்றில் பாதியைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்தச் செவப்ப நடுவுல வையி" என்பாள். வைப்பேன். அந்த நாட்களில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

போர்வையை முடித்து அவளுக்குப் போர்த்திவிட்ட வாரம், கோயிலிலிருந்து மாதா சபைப் பெண்கள் ஜெபமாலை சொல்ல வந்தார்கள். ஒருத்தி போர்வையைத் தடவிப் பார்த்து, "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"மகன் அனுப்புனான்," என்றாள் அம்மா. "அம்மாவுக்குக் குளிருமேன்னு கொழும்புல சொல்லித் தைச்சு அனுப்பியிருக்கான்."

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அவர்கள் போனபிறகு கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீ கூடவே இருக்க. உன்ன யாரு என்ன சொல்லப் போறாங்க? அவன் எட்டிப் பாக்குறதில்லன்னு ஊரே பேசுது. அவன் பேரு கெடக் கூடாதுல்ல."

அவளுக்கு நினைவு தப்பியிருந்தால் மன்னித்திருப்பேன். கடைசிவரை அவள் தெளிவாகத்தான் இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

அம்மாவின் சாவுக்குத் தம்பி வந்தான். துக்கம் விசாரித்தவர்கள் அவன் கையைப் பிடித்து, "நீங்க அனுப்புன போர்வையைத்தான் போத்திக்கிட்டு இருந்தாங்க" என்றார்கள். அவன் ஒரு தரம் என்னைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

கிளம்பும்போது அவன் மனைவி போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் தைச்சது," என்றேன்.

"தெரியும் அக்கா," என்றான் தம்பி. "அம்மா ஞாபகமா ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டுமே. உனக்குத் தைக்கத் தெரியும். இன்னொண்ணு தைச்சுக்கலாம்."

பையை நான் பிடுங்கவில்லை. பேருந்து நிறுத்தம்வரை கூடப் போகவும் இல்லை.

இப்போது பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைக்கிறேன். போர்வை கேட்டு வருகிறவர்களிடம் தைக்கத் தெரியாது என்றுவிடுவேன். தம்பி எப்போதாவது கொழும்பிலிருந்து போன் எடுப்பான், பேசுவேன். அவன் மேல் இருந்த கோபம் எப்படியோ ஆறிவிட்டது. அம்மா மேல்தான் ஆறவில்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்துவிடுகிறேன்.