ஹெலன் அக்கா கலந்த நிக்கல் நிறம்

சென்ற மாதம் ஒரு காலை, சேலையூரில் என் பெயின்ட் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஹெலன் அக்காவின் எண். "என்னக்கா, காலங்காத்தாலயே சண்டைக்கு வந்தாச்சா?" என்றுதான் எடுத்தேன். பேசியது அக்கா இல்லை, அவருடைய கணவர் ஜெயராஜ் சாரைக் கவனித்துக்கொள்ளும் செல்வி. "அண்ணா, அக்கா எய்ந்துக்கவே இல்லண்ணா. டாக்டர் வந்து பாத்தாரு. தூக்கத்துலயே பூட்டாங்களாம்." போனை வைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். அக்கா என்று நினைத்து நான் அடித்த கேலியைச் செல்வி காதில் வாங்கியிருக்கக் கூடாது என்பதே திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கடை வாசலில் கூடும் பழைய சைக்கிள் பித்தர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முடிச்சூரில் வீடு. துருப்பிடித்த சைக்கிள்களை வாங்கி வந்து புதிதாக்குவது அவருக்குப் பொழுதுபோக்கு. முதல்நாள் பெயின்டுக்கு அடியில் பூசும் ப்ரைமர் கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். முலாம் பூசிய முன்சக்கர ஃபோர்க்குக்கு இது ஆகாது, வழவழப்பில் பிடிக்கிற ப்ரைமர் வேறு என்றார். இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவனுக்குக் கோபம் வராதா? இதுவும் நிற்கும் என்று நானும் விடாமல் சொன்னேன். "நிக்கும் மணி. ரெண்டு மழை வரைக்கும் நிக்கும்" என்றார். சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் நட்பு சண்டையாகவே வளர்ந்தது.

ஆனால் தன் தப்பை ஒளிக்கத் தெரியாதவர். ஒரு சாயங்காலம் கடைக்குள் வைத்து ஒரு சைக்கிள் ஃபிரேமைப் பார்த்துவிட்டு, குரோம் முலாம் என்று அடித்துச் சொன்னார். மறுநாள் வெயிலில் அதன் பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தபோது லேசான மஞ்சள் தெரிந்தது. நிக்கல். குரோம் என்றால் நீலம் தட்டியிருக்கும். முந்தின நாள் அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, தான் சொன்னது தப்பு என்றார். "டியூப்லைட்டுல பாத்தா எல்லாமே குரோம்தான்" என்று பிறகு எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பார்.

அவருக்குப் பிடிக்காத ஒன்று வெள்ளி நிற பெயின்ட். முலாம் உதிர்ந்துபோன வண்டிக்கு யாராவது அதைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். "நீலம் அடிங்க, பச்சை அடிங்க. முலாம் மாதிரி நடிக்க வைக்காதீங்க" என்பார். என் வியாபாரம் அவரால் கெட்டது நிஜம்.

ஜெயராஜ் சார் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். அவரிடம் முழுக்க நிக்கல் முலாம் பூசிய ஒரு சைக்கிள் இருந்தது. கல்யாணமான புதிதில் அக்காவை அதில் வைத்துத்தான் தாம்பரம் முழுக்கச் சுற்றினாராம். ஒரு வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் புகுந்து, சைக்கிள் சேற்றில் கிடந்து, முலாம் பொத்துப்போனது. பிற்பாடு சாருக்கு நினைவு மங்கத் தொடங்கியது. பிள்ளைகளை மறந்தார். ஒருநாள் அக்காவையும் மறந்தார். சைக்கிளை மட்டும் மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுகிற அக்காவிடமே, "நீங்க யாரும்மா? என் வெள்ளிச் சைக்கிளைப் பாத்தீங்களா?" என்று கேட்பார்.

அந்தச் சைக்கிளைப் பழையபடி அவர் முன் நிறுத்தினால் தன்னையும் தெரிந்துகொள்வார் என்று அக்கா நம்பினார். மீண்டும் முலாம் பூச ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். குழாய் உள்ளே அரித்து மெலிந்துவிட்டது, ஆசிட் தொட்டியில் இறக்கினால் மிஞ்சாது என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "மணி, வெள்ளி பெயின்ட் குடு. கூட்டத்துல சொல்லாத" என்றார்.

நண்பர்களே, சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

கடைக்கு வெளியே, நல்ல வெயிலில் உட்கார்ந்து கலந்தோம். கைக்குட்டையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு மஞ்சள், பிறகு ஊசி முனையில் கொஞ்சம் பழுப்பு. எத்தனையோ டப்பா மூடிகளில் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு முன்பே சரியாகத்தான் தெரிந்தது, அவருக்குத் திருப்தி ஆகவில்லை. கடைசியில், "இது நிக்கல்" என்றார். பெருமை இல்லை, வருத்தம்தான் இருந்தது அந்தக் குரலில்.

வீட்டில் அவரே அடித்தார். பெயின்ட் நன்றாக இறுகட்டும், பிறகு சக்கரம் மாட்டிக் காட்டலாம் என்று மொட்டைமாடி அறையில் வைத்திருந்தார். அது இறுகியது. அவர் இல்லை.

அடக்கம் முடிந்த வாரம் நான் போய்ச் சக்கரமும் செயினும் மாட்டி, கீழே கொண்டுவந்து சாரின் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினேன். சார் குனிந்து பார்த்தார். உள்ளங்கையால் சைக்கிளின் குறுக்குப் பாரைத் தடவினார். பிறகு ஃபிட்டர் புத்தி, நகத்தால் சுரண்டினார்.

"பெயின்ட்டு" என்றார்.

இத்தனை பாடும் வீணா என்று அக்காவை நினைத்து அழுகை வந்தது. சார் பாரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஹெலன் வேலை இது. நல்லா அடிச்சிருக்கா. அவளைக் கூப்பிடுங்க, சொல்லணும்."

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சொல்லிவிடுகிறேன் சார் என்றேன். சற்று நேரத்தில் அவர் என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

அக்காவின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் மகன் சொன்னான். எதுவும் எடுக்கவில்லை. கல்லறைக்குப் போய், சார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஆனாலும் அவரிடம் கொடுத்து முடித்த மாதிரி இல்லை. அவருக்குச் சேரவேண்டிய அந்தப் பாராட்டைத்தான் இன்னும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.