பங்குக் கிணற்றடி ஈரம்

இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபடும் காணிக்குள் உரிமையாளர் தன் பாட்டில் இறங்கக் கூடாது. கண்ணிவெடி இல்லை என்று உறுதி கிடைத்து, கிராம அலுவலர் கூட வந்து எல்லை காட்டிய பிறகுதான் கால் வைக்க வேண்டும். ஒழுங்கு அதுதான். நானோ யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் தொடங்கி, கனடாவில் ஒரு நகரசபை வரை, மற்றவர்களின் விண்ணப்பங்களில் பிழை பிடித்தே ஓய்வூதியம் பெற்றவன். அந்த ஒழுங்கை மீறிய ஒரு பகல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சென்ற பங்குனியில், பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட இருக்கும் நண்பனோடு டொரொண்டோவிலிருந்து புறப்பட்டேன். பிறந்த ஊருக்கு, சுற்றுலா விசாவில், வெளிநாட்டவராக. பயணத்தின் நோக்கம் என்று கேட்ட இடத்தில் 'பொழுதுபோக்கு' என்று இருவரும் குறித்தோம்.

உண்மை நோக்கம் வேறு. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு வலிகாமம் வடக்கில் குண்டு விழத் தொடங்கியபோது, நண்பனின் வீட்டார் உடுத்த உடுப்போடு உரும்பிராய்ப் பக்கம் ஓடினார்கள். பாதி வழியில் அவனுடைய அண்ணன், "மாட்டை அவிட்டு விட்டிட்டு வாறன்" என்று சைக்கிளைத் திருப்பினார். வரவில்லை. அன்று மாலைக்குள் பாதை அடைபட்டது. அவருடைய மனைவி இப்போது நண்பனின் வீட்டில்தான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் பொட்டோடும் தாலியோடும். புறப்படும்போது எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்.

"வளவையும் கிணத்தையும் பாத்திட்டு உள்ளதைச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் இந்தப் பொட்டை அழிச்சிட்டு அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்யிறன்."

அந்த ஊர்களுக்கு மீண்டும் போனவர்கள் முதலில் கிணற்றுக்குள்தான் எட்டிப் பார்த்தார்கள். சில கிணறுகளில் எலும்புகள் கிடந்தன; ஏன் எட்டிப் பார்க்கிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

விமானம் மாறும் இடத்தில் நண்பனின் கைப்பையைத் திறந்த அதிகாரி, உள்ளே ஒரு பெரிய சுருள் நைலோன் கயிற்றையும் டோர்ச் லைட்டையும் கண்டு எதற்கென்று கேட்டார். "கிணறு பார்க்க" என்றான் இவன், ஆங்கிலத்தில். தடை செய்யப்பட்ட பொருட்களில் கயிறு இல்லை என்று நான் வாதாடினேன். அதிகாரி என்னையும் நண்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கயிற்றைத் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு கட்டுநாயக்க விமான நிலையம் வரை அவன் கண் மூடவில்லை. கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸிலும் அப்படியே.

யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது காலை பத்து மணி தாண்டியிருந்தது. முகம்கூடக் கழுவாமல் ஓட்டோ பிடித்தான்.

"கிராம அலுவலரிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவமே?" என்றேன்.

"நீ ஒரு படிவம் நிரப்பி முடிக்கிறதுக்குள்ளை நானும் செத்துப்போவன். ஏறடாப்பா!"

தார் முடிந்த இடத்தில் ஓட்டோக்காரர் இறக்கிவிட்டார். "அங்காலை நான் வரமாட்டன் ஐயா" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசைத் தரக்கூட நில்லாமல் திருப்பிக்கொண்டு போனார்.

உள்ளே பாதை இல்லை, மதில் இல்லை, வீடு இல்லை. நாயுண்ணிப் பற்றைப் புதர்களும் தலையில்லாத பனைகளும்தான். வெயில் ஏறியிருந்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. மதியப் பொழுதில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. நண்பன் மட்டும் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதுபோல நேராக நடந்தான். நான் பின்னால் போனேன்.

கிணறு இருந்தது. அது பங்குக் கிணறு. எங்களுடைய உறுதிப் பத்திரங்களில் காணியோடு கிணற்றுப் பங்கும் எழுதுவார்கள். இரண்டு வளவுகளின் எல்லையில் நின்றதால்தான் தப்பியது போலும். அவன் பையைத் திறந்து கயிற்றை எடுக்கப் போனவன் அப்படியே நின்றான்.

கிணற்றுக் கட்டின்மேல் ஒரு வாளி இருந்தது. கயிறும் இருந்தது. இரண்டும் நனைந்திருந்தன. கிணற்றடிச் சீமெந்தில் தண்ணீர் சிந்தி, இன்னும் காயாமல் கிடந்தது. அந்த வெயிலில் அது சற்று முன்பு சிந்தியதாகத்தான் இருக்க வேண்டும்.

நண்பன் கிணற்றுக்குள் குனிந்து, "அண்ணை!" என்று கூப்பிட்டான்.

"ஓம்!" என்றது ஒரு குரல்.

பற்றைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் வெளிப்படும் வரை என் இரத்தம் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அடுத்த வளவுக்காரர்; அந்தக் கிணற்றின் மற்றப் பங்காளி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ சின்னவனெல்லோ? ஆரோ அண்ணை எண்டு கூப்பிட, என்னையாக்கும் எண்டு நினைச்சன்." பிறகு நாங்கள் வந்த பக்கத்தைப் பார்த்தார். "உதாலையோ வந்தனீங்கள்? என்ரை பக்கம்தான் துப்புரவாக்கினது. உங்காலை இன்னும் வெடி எடுக்கேல்லை!"

நான் அப்போதுதான் திரும்பி, நாங்கள் மிதித்து வந்த புல்லைப் பார்த்தேன். நண்பன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"கிணத்துக்குள்ளை..." என்றான்.

"போன மாசம் மெஷின் வைச்சு இறைச்சுப் பாத்தனான் தம்பி. அடி மட்டும் பாத்தன். சேறுதான். வேறை ஒண்டுமில்லை." கிழவர் ஈரத்தைப் பார்த்தார். "தண்ணி அள்ளினியளோ? குடியாதேங்கோ, இன்னும் தெளியேல்லை."

"நாங்கள் அள்ளேல்லை. நீங்கள் அள்ளினதெண்டெல்லோ நினைச்சம்" என்றேன்.

"நான் அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாறன். உந்த வாளியும் என்ரை இல்லை."

நான் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன்: காவலுக்கு நிற்கும் சிப்பாய், மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர். யாராகவும் இருக்கலாம். ஆனால் கிழவரின் பாதையால் வெளியே வரும்வரை ஒரு மனித அடையாளத்தையும் நாங்கள் காணவில்லை.

பாதை ஏறியதும் நண்பன் கைத்தொலைபேசியை எடுத்தான். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். முதல் மணியிலேயே அண்ணனின் மனைவி எடுத்தார்.

"கிணறு?" என்றார் அவர். அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். எல்லாம் எனக்குக் கேட்டது.

"ஒண்டுமில்லை மச்சாள். இறைச்சுப் பாத்திட்டினம்."

"அப்ப?"

"ஆரோ தண்ணி அள்ளியிருக்கினம். கிணத்தடி ஈரமாக் கிடந்தது."

பிறகு மிக மெதுவாக, "உடுப்புத் தோய்க்கிற கல்லும் ஈரமோ?" என்று கேட்டார். "அவர் குளிச்சால் முதல் வாளியைக் கல்லிலைதானே ஊத்துவர்."

தோய்க்கிற கல்லை நானும் பார்த்திருந்தேன். இரண்டாகப் பிளந்து, நடுவில் புல் முளைத்து, எலும்புபோலக் காய்ந்து கிடந்தது.

நண்பன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஓம் மச்சாள். கல்லும் ஈரம்தான்."

பொய்ப் பிரகடனம் ஒன்றையும் மேசை தாண்ட விட்டவனில்லை நான். அன்று வாய் திறக்கவில்லை. தொலைபேசியில் அந்த அம்மா அழுவது கேட்டது. துக்கத்தில் அழுவதுபோல இல்லை. பொட்டு இன்றும் இருக்கிறது.

கனடா திரும்பியதும், என் பழக்கதோசம், உரிய அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: அந்தக் கிணற்றில் யாராவது தண்ணீர் அள்ளுகிறார்களா? மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. 'குறித்த பகுதிக்குள் எவரும் பிரவேசிப்பதில்லை.' அனுமதி கொடுக்காத இடத்துக்கு எவரும் போவதில்லை என்பது அலுவலகங்களின் நம்பிக்கை. அதே வசனத்தை நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன், அதன் பெறுமதி எனக்குத் தெரியும். ஆனாலும் அதை இரண்டாம் முறையும் வாசித்தேன். எதை அறிவிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்த எந்தச் சுற்றறிக்கையும் எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று கற்றுத்தரவில்லை. அதை அந்தக் கிணற்றடியில் கற்றேன். கடிதத்தை இதுவரை அவர்களிடம் காட்டவில்லை. அது என் கைக்குக் கிடைத்தது, நண்பன் கோயிலில் தகப்பனின் பெயரை மட்டும் சொல்லி, அண்ணனின் பெயரைச் சொல்லாமல் தர்ப்பணம் செய்துவிட்டு வந்த ஆடி அமாவாசையன்று.