கோடு தெரியாத உதடு

போன வாரம் அண்ணன் மகள் ரிசப்ஷனுக்காக மதுரை போயிருந்தேன். மணப்பெண்ணுக்கு மேக்கப் போட வந்த பார்லர் பெண் ஓர் ஆல்பத்தை நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் உதடுகள். வெறும் உதடுகள்!

"இது பெர்மனென்ட் கலர் ஆன்ட்டி. ஆம்ப்ரேன்னு சொல்வாங்க. ஓரத்துல டார்க், உள்ள போகப் போக லைட். ரெண்டு கலரும் எங்க சேருதுன்னு கோடே தெரியாது."

பேசிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். கிட்டே வந்து குனிந்தாள்.

"ஆன்ட்டி... நீங்க எங்க பண்ணுனீங்க? இடது பக்கம் லேசா மங்கியிருக்கு."

"கொடைக்கானல்ல."

"அங்க யாரு ஆன்ட்டி பண்றா?"

"இப்ப யாரும் இல்ல. நீ பொறக்குறதுக்கு முன்னாடி நடந்த கதை இது."

அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புவீர்கள் என்று சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அட்டுவம்பட்டியிலிருந்து கொடைக்கானல் டவுனுக்கு, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. கீழுதட்டில், இடது பக்கம், மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை வந்தது. கொஞ்ச நாளில் புளியங்கொட்டை அளவு ஆனது.

வலிக்காது. அரிக்காது. யாருக்கும் ஒட்டாது. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஊர் கேட்குமா?

ஆபீஸில்கூடப் பெரிய தொல்லை இல்லை. டைப்ரைட்டர் என் உதட்டையா பார்க்கிறது? தொல்லை சர்ச்சில்தான் வந்தது.

எங்கள் சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் வரிசையாக மண்டியிடுவோம். திராட்சரசம் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில். போதகர் ஒருவர் உதட்டில் வைப்பார், வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பார், கொஞ்சம் திருப்புவார், அடுத்தவருக்குக் கொடுப்பார். என் உதடு பட்ட கிண்ணம்தான் அடுத்தவர் உதட்டுக்குப் போகவேண்டும்.

அந்த அடுத்தவர் எப்போதும் ஞானம் அக்கா. பக்கத்து வீடு. ஹாஸ்டல் மேட்ரன். எனக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாகக் கஞ்சியோடு வந்து நிற்பவர். அப்படிப்பட்ட மனுஷி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், நைஸாக முன்னால் போய்விட்டார். அடுத்த மாதம் அவருக்குப் பின்னால் நின்றவரும் போனார். அப்புறம் அவருக்கும் பின்னால் நின்றவர்...

கடைசியில் வரிசையின் கடைசி ஆள் நான்தான். எனக்குப் பிறகு கிண்ணம் போதகருக்கு. மிச்சத்தைக் குடித்து முடிக்கவேண்டியது அவர் கடமை. பாவம், முகம் சுளிக்காமல் குடிப்பார். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை! சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

லிப்ஸ்டிக் போட்டுப் பார்த்தேன். கிண்ணத்தில் சிவப்பு. போதகர் கையிலிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பு. சர்ச்சே பார்த்தது. வீட்டுக்கு வந்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏத்தா, அது வெள்ளையாவே இருந்துட்டுப் போகுது. இந்தச் சாயம் நமக்கு வேணவே வேணாம்."

அப்போதுதான் டவுனில் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஸ்கின் டாக்டரம்மா ஒருவர் வர ஆரம்பித்திருந்தார். பச்சை குத்துகிற மாதிரி உதட்டிலும் கலர் குத்தலாம் என்றார். அழியாது, கிண்ணத்தில் ஒட்டாது. எனக்கு அது போதாதா?

டாக்டரம்மா மலையில் தங்குகிற நாளில் வெள்ளனே வேலையை ஆரம்பித்துவிடுவார். மார்கழி. புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது. ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, பழுப்பையும் சிவப்பையும் கறுப்பையும் சொட்டுச் சொட்டாகக் குழைத்து, என் நல்ல உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். பொருந்தியது. ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார். மரத்துப்போக ஊசி போட்டும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பக்கு உதிர்ந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். அடேயப்பா! வெள்ளை இருந்த இடமே தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் வத்தலக்குண்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கீழே இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன். அக்கா கதவைத் திறந்தவுடன் கேட்டாள்: "என்னடி, நாவப்பழம் தின்னியா? வாயைத் துடை."

ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். உதடெல்லாம் சிவப்பு. இடது பக்கம் மட்டும் ஊதாக் கறுப்பு. சுற்றிலும் கோடு போட்ட மாதிரி ஓரம்!

விஷயம் இதுதான். மார்கழிக் குளிரில் மலையில் எல்லோர் உதடும் ஊதாதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஊதாவைத்தான் என் நிஜக் கலர் என்று நினைத்து டாக்டரம்மா குழைத்துவிட்டார். எனக்கும் தோன்றவில்லை. தினமும் அந்தக் குளிரிலேயே ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் யாருக்குத் தோன்றும்?

அடுத்த தடவை டாக்டரம்மா கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்து, சுடச்சுடக் காபி கொடுத்து, என் உதடு சிவந்த பிறகு பார்த்தார்.

"தப்பு என்னுதும்மா. குத்துன கலரை எடுக்க முடியாது. ஒண்ணு செய்யலாம். கறுப்பு முடியற இடத்துல இருந்து நல்ல உதட்டுக்குள்ளயும் குத்தணும். மொதல்ல புள்ளி நெருக்கமா, போகப் போகக் கலைச்சு, கடைசில ஒண்ணுமில்லாம. அப்ப எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப வெரசா செஞ்சிருங்க டாக்டரம்மா."

"பொறு. உனக்கு இருக்கற வியாதிக்கு நல்ல தோல்ல ஊசி பட்டா, பட்ட இடமெல்லாம் வெளுக்கலாம். வெளுக்காமலும் போகலாம். என்னால சொல்ல முடியாது."

அதாவது, புளியங்கொட்டையை மறைக்கப்போய் உதடு முழுக்கப் போகலாம். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நிற்கும் போதகரின் பொறுமையான முகம் ஞாபகம் வந்தது.

"குத்துங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? எழுந்தவுடன் கண்ணாடி. குளித்தவுடன் கண்ணாடி. ஆபீஸில் டிராயருக்குள் கண்ணாடி. பக்கு ஓரமாக உரியும்போது அடியில் வெளுப்பாகத் தெரியும்... ஐயோ, போச்சு என்று உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் பார்த்தால் வெளுப்பு இல்லை, புதுத் தோல். மறுநாள் இன்னோர் இடம். அம்மா ஜெபம் பண்ணுவாள். நான் ஜெபத்துக்கு நடுவிலும் கண்ணாடி பார்ப்பேன்.

வெளுக்கவில்லை. ஓரம் கரைந்து நின்றது. குளிரில் உதட்டோடு ஒன்றாக, வெயிலில் கொஞ்சம் கறுப்பாக, ஆனால் கோடு இல்லாமல்.

ஈஸ்டர் வந்தது. லீவுக்கு வந்த கூட்டமும் சேர்ந்து சர்ச்சில் நிற்க இடமில்லை. வேர்க்கிறது. நெஞ்சு அடிக்கிற அடியில் உதட்டில் ரத்தம் ஏறுவது எனக்கே தெரிகிறது. இப்போது கோடு தெரியுமோ? திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஞானம் அக்கா. நேராக என் வாயைத்தான் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் முன்னால் போகவில்லை.

பக்கத்தில் மண்டியிட்டார். நான் குடித்தேன். போதகர் துடைத்தார், திருப்பினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும், இல்லையா? கோபம்தான் வந்தது. பொத்துக்கொண்டு வந்தது.

வெளியே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்தியா ரூபி, ஜெபத்துக்குப் பலன் கெடைச்சிருச்சு. எல்லாம் போயிருச்சு!"

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"போகலக்கா. மேல கலர் குத்தியிருக்கு. அடியில அது அப்படியேதான் கெடக்கு."

அக்காவின் கை என் கையை விட்டுவிட்டுத் தன் வாய்க்குப் போனது. முந்தானையால் ஒரு துடை துடைத்தார். என் உதட்டைப் பார்த்தார். சர்ச் வாசலைப் பார்த்தார். மறுபடியும் துடைக்கப் போனவர், கையைக் கீழே போட்டார்.

"குடிச்சாச்சு... இனி என்னத்தப் பண்றது" என்றார். "வா, வீட்டுக்குப் போவோம். பிரியாணி ஆறிரும்."

அடுத்த மாதமும் என் பக்கத்திலேயே வந்து மண்டியிட்டார். பயம் போய்விட்டதா, இல்லை, இனிமேல் தப்பி ஓடி என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டாரா... அதை மட்டும் நான் கேட்கவே இல்லை!