பென்குயின் வீட்டு ஏசி மெக்கானிக்

ஏசி ஓடும்வரை மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் அவன்தான் குற்றவாளி. வளைகுடாவில் கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிய அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் முசஃபாவில் இருந்த எங்கள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னை அல் ஐனில் ஒரு தனியார் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு வாய்த்த வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு ஜென்டூ பென்குயின்கள்.

ஜூன் மாதக் குளிர்காலம்

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மூன்று மணிக்கே விளக்குகள் அணைந்தன. டைமர் கெட்டுவிட்டது என்று நினைத்து, யாரையும் கேட்காமல் ஏழு மணிக்கு மாற்றி வைத்தேன். பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து நிர்மலா அக்கா ஓடி வந்தார். பகல் சுருங்கி, பிறகு மெல்ல நீண்டால்தான் கூடு கட்டும் காலம் இவற்றுக்குத் தெரியுமாம்.

"தம்பி, வெளியில எறிக்கிறது உங்கட வெயில். இவையின்ர ஊரில இப்ப குளிர்காலம்!"

காணாமல் போன நட்டு

அக்டோபரில் ஒருநாள் பைப்பைக் கழற்றித் தரையில் வைத்த பித்தளை நட்டைக் காணோம். ஓர் ஆண் பென்குயின் அதைக் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, தன் ஜோடியின் காலடியில் வைத்துத் தலை வணங்கியது. கூட்டுக்குக் கல் சேர்ப்பதில் இவற்றுக்கு அப்படியோர் அக்கறை. அசந்தால் பக்கத்துக் கூட்டுக் கல்லும் போய்விடும். அக்கா நட்டை எடுத்துவிட்டுக் கூழாங்கல் ஒன்றை வைத்தார். "திருட்டுப் பய!" என்றேன்.

"களவில்லை தம்பி, சீதனம். இவையளுக்குள்ள மாப்பிள்ளைதான் குடுக்கவேணும்!"

எழுந்திருக்காத அப்பா

அந்தக் கூட்டில் முட்டை வந்த இரண்டாம் வாரம், நடுமதியத்தில் கம்ப்ரஸர் நின்றது. மற்றப் பறவைகளைக் குளிர் அறைக்கு மாற்றினோம். இந்த ஜோடியைக் கிளப்பினால் முட்டையைக் கைவிட்டுவிடும் என்று அக்கா பயந்தார். அறையின் வெப்பம் இரண்டு டிகிரியிலிருந்து பதினைந்துக்கு ஏறியது. அப்பா பென்குயின் அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டர் ஸ்விட்ச் எரிந்துபோயிருந்தது; அதை மாற்றி, அறை மறுபடி குளிர மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு அம்மா வந்து தலை வணங்கியதும்தான் அது இடம் கொடுத்தது. இத்தனை ஒழுங்காக டூட்டி மாற்றிய ஆளை எங்கள் கம்பெனியில் நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

குஞ்சு பொரித்த அன்று ஊருக்குப் போன் போட்டேன். மனைவி எட்டு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு நான் கேட்ட லீவுக்கு 'மாஃபி', அதாவது கிடையாது, என்று பதில் வந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் முறைவைத்து அடைகாத்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, அந்த அப்பாவுக்கு மட்டும் யாரு லீவு குடுத்தா?"

பாலைவனத்தில் பனிக்காலத்தையே வரவைத்த எனக்கு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.