கணக்கில் வராத கேட்ச்

என் அண்ணன் வசோங்காவுக்குக் கென்ய கிரிக்கெட் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அந்த ஆசை எங்கள் வீட்டில் யாரைத் தின்றது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அவனைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், தங்கை நானே போதுமான அளவு திட்டியிருக்கிறேன்.

அப்பா நைரோபியில் ஒரு கிளப் மைதானத்தில் புல் வெட்டி, உருளை இழுத்தவர். வேலிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் நாங்கள் மூன்று பேரும் வளர்ந்தோம். வலைப்பயிற்சியில் பந்து பொறுக்கப் போன அண்ணன் அங்கேயே இடதுகைச் சுழல் பழகிக்கொண்டான். கடைக்குட்டி ஒமோலோவுக்கு ஆட்டம் சுத்தமாக வரவில்லை. அண்ணன் ஆடுவதை வாய் பிளந்து பார்க்க மட்டும் நன்றாக வந்தது.

தொண்ணூற்றாறு உலகக் கோப்பையில் நம் ஆட்கள் வெஸ்ட் இண்டீஸைத் தோற்கடித்த அன்று, ஒரு சாவுக்காகச் சியாயாவில் எங்கள் ஊருக்கு வந்திருந்தோம். ரேடியோவில் கேட்டதும் அண்ணன் ஓடிப்போய் வளவின் வேலிவாசலில் நின்று, அப்பாவின் காதில் விழும்படி கத்தினான்.

"நாட்டுக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் இந்த வளவுல என் வீட்டுக்குக் கம்பு நடுவேன். சத்தியம்!"

அப்பா சிரித்தார். மீசை அரும்பாத பையன் சொன்னால் வேறென்ன செய்வது? ஆனால் எங்கள் லுவோ சனத்தில் வேலிவாசலில் நின்று சொன்ன சத்தியம் காற்றோடு போகாது. இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்தவன் வீடு கட்டாமல் இளையவன் கட்டக் கூடாது. சொந்த வீடு இல்லாதவன் பெண்ணை அழைத்து வந்து குடும்பம் நடத்த முடியாது. மீறினால் சாபம் பிடிக்கும். ஆக, அண்ணன் தன் காலை மட்டும் கட்டிக்கொள்ளவில்லை, தம்பியின் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டான்.

அது அப்போது யாருக்கு உறைத்தது? இரண்டாயிரத்து மூன்றில் நைரோபியிலேயே இலங்கையை அடித்தோம், உலகக் கோப்பை அரையிறுதிவரை போனோம். அங்கே இந்தியாவிடம் தோற்றபோதுகூட எங்கள் தெருவில் பாதிப்பேர் அழுதார்கள், பாதிப்பேர் ஆடினார்கள். அண்ணன் பயிற்சி முகாம் வரை போவான். பதினொரு பேரில் அவனுக்கு முன்னால் எப்போதும் ஒரு சுழல்காரன் இருப்பான். "அடுத்த தொடர்ல," என்பான்.

அப்பா போன பிறகு ஒமோலோ ஊரோடு வந்துவிட்டான். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டினான். சந்தையில் ஒமேனாக் கருவாடு விற்ற அகுமு அவனுக்காகக் காத்திருந்தாள். நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம், எனக்கு அதனாலேயே பிடித்தது.

பிறகு ஒருநாள் நைரோபி ஆட்டத்தில் அண்ணன் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தான். நம் ஆள் ஒருவனுக்கு விரல் பிளந்துகொண்டது. அவனுக்குப் பதிலாக அண்ணனை இறக்கினார்கள். எல்லைக்கோட்டை நோக்கிப் பின்னால் ஓடி, ஒற்றைக் கையில் ஒரு கேட்ச் பிடித்தான் பாருங்கள்! நான் கூட்டத்தில் கத்தியதில் பக்கத்தில் இருந்தவருடைய டீ கொட்டிப்போனது. ஊரில் ரேடியோவில் அவன் பெயரைக் கேட்ட ஒமோலோ, நேரே சந்தைக்குப் போய் அண்ணனுக்காகச் சேவல் வாங்கினான். கம்பு நடும் காலையில் வீடு கட்டுகிறவன் கையில் சேவலும் கோடரியும் இருக்க வேண்டும்.

அண்ணனும் நானும் ஊருக்கு வந்தபோது அகுமுவும் அங்கே நின்றிருந்தாள்.

"அண்ணே, ஆடிட்டேல்ல? சேவல் ரெடி. காலைல கம்பு நடுறோம்," என்றான் ஒமோலோ.

"அது சப்ஸ்டியூட்டா போனதுடா. ஆடின கணக்குல வராது."

"கேட்ச் பிடிச்சியா இல்லையா?"

"பிடிச்சேன்."

"அவுட் ஆனவன் வெளிய போனானா? இல்ல, சப்ஸ்டியூட்டு பிடிச்ச கேட்ச்சுன்னு அங்கயே நின்னுக்கிட்டிருந்தானா?"

நானும் அகுமுவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை.

"பதினொண்ணுல ஒருத்தனா எனக்குத் தொப்பி குடுக்கலடா. வாசல்ல நின்னு சத்தியம் பண்ணிட்டு ஏமாத்துனா யார் தலைல விடியும்? உன் தலைலதான். அடுத்த தொடர்ல கண்டிப்பா எடுப்பாங்க. பொறு."

"பெரிய வீடா கேக்குறேன்? நாலு கம்பு, கொஞ்சம் மண்ணு. பேருக்கு நீ ஒரு குடிசை போட்டா போதும்ணே."

"பொறுடான்னா."

சேவலைக் குழம்பு வைத்தேன். ஒமோலோ கையை நனைக்கவில்லை.

அதற்குப் பிறகு அணி இறங்குமுகம்தான். ஏன் என்று நைரோபியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரண்டாயிரத்துப் பதினான்கில் சர்வதேச ஒருநாள் ஆட்ட அந்தஸ்தே கையைவிட்டுப் போனது. நான் அண்ணனிடம் போய் நின்றேன்.

"இனி எந்தத் தொப்பிக்குண்ணே காத்திருக்க? போய்க் கம்ப நடு."

"தகுதிச் சுற்றுல ஜெயிச்சா திரும்பக் கிடைக்கும், அவினோ."

முடி நரைக்க ஆரம்பித்திருந்தது, அப்போதும் இதே பேச்சு. கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அவன் கண்ணைப் பார்த்தேன், கை எழவில்லை. சத்தியத்தை மீறினால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவன் உண்மையாகவே பயந்தான்.

அடுத்த வருடம் அகுமு ஹோமா பேயில் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். போவதற்கு முன் என்னிடம் வந்தாள். "அவர மறக்கல அக்கா. எனக்கும் வயசாவுதில்ல," என்றாள். அவளைத் திட்டாமல் பஸ் வரை போய் ஏற்றிவிட்டேன்.

ஒமோலோவைப் போண்டோ சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டது.

வீடில்லாமல் செத்தவன் உடலை வளவுக்குள் கொண்டுவர முடியாது. அவனுக்கென்று ஒரு குடிசை நிற்க வேண்டும், அதற்குப் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும். அதற்கும் முன்னால் மூத்தவன் குடிசை எழும்ப வேண்டும். செத்த பிறகும் வரிசை மாறாது. விடிந்ததும் அண்ணன் நைரோபி பஸ்ஸில் வந்து இறங்கினான். சித்தப்பா மக்கள் கம்புகளை வெட்டி வைத்திருந்தார்கள். முதல் கம்பைக் கையில் எடுத்த அண்ணன், நடாமல் வேலிவாசல் பக்கம் திரும்பி, அன்று கத்தியதைப் போலவே உரக்கக் கத்தினான்.

"ஒமோலோ! நீ சொன்னதுதான்டா சரி. அவுட் ஆனவன் வெளிய போயிட்டான். நான் ஆடிட்டேன்டா!"

கம்பை நட்டான். அதற்குப் பிறகு அவன் நிறுத்தவே இல்லை. குழி தோண்டினான், மண் மிதித்தான், கூரை கட்டினான். அவன் குடிசை எழுந்து நின்றபோது வெயில் உச்சிக்குக்கூட வரவில்லை. மதியத்துக்குப் பிறகு தம்பியின் குடிசையை முடித்தார்கள்.

சாவுக்கு வந்திருந்த அகுமு, இடுப்பில் குழந்தையோடு அண்ணனின் குடிசை முன்னால் நின்றாள். ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோதானாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.