நாற்பத்தொரு வீட்டுத் தீர்த்தம்

2023 ஜூலை 12, புதன்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தும் காற்று புழுதியை வாரி இறைத்தது. மேசைக் காகிதங்கள் மேல் நான்கு கற்கள் வைத்திருந்தேன். ஐந்தாவது தேவைப்பட்டது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் படிப்பு தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு அறை, மூன்று மின்விசிறி (ஒன்று சுற்றாது), பதினொரு மாணவர்கள். புள்ளியியல் ஆசிரியனாக ஓய்வு பெற்ற என்னை வாரம் இருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டும் படிப்பை நடத்தலாமா என்று வெள்ளிக்கிழமை ஒரு குழு முடிவு செய்யும். அவர்களிடம் காட்டத் துறைத்தலைவியின் கையில் இருந்தது மாணவர்களின் முதல் கள ஆய்வு மட்டுமே. அதில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்த்து அறுபது வீடு. கேள்வித்தாள் என்னுடையது. பதினேழு கேள்விகள், ஏழு முறை திருத்தியது.

துறைத்தலைவி ஒன்பதாம் கேள்வியில் விரலை வைத்தார். குடிநீர் எது: குழாய், கேன், கிணறு, மற்றவை.

"சார், நாப்பத்தோரு வீட்ல கோயில் தீர்த்தம்தான் குடிக்கறாங்கன்னு இருக்கு. குழு பாத்தா கடையை மூடிட்டுப் போகச் சொல்லுவாங்க."

அறுபது வீட்டுக்கும் போன மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பொன்மலை ரயில்வே குடியிருப்புப் பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"தீர்த்தம்னு அவங்கதான் சார் சொன்னாங்க. 'கோயில்' மட்டும் நான் சேத்தது. எங்க சர்ச்சுலயும் தீர்த்தம் உண்டு, விரல் நுனியில தொட்டுக்குவோம். இவங்க சொம்பு சொம்பா குடிக்கறாங்களேன்னு பயந்துட்டேன். உங்க வீட்லயும் அதான் சொன்னாங்க."

எங்களைப் போன்ற வைணவர் வீடுகளில் குடிக்கிற தண்ணீருக்கே தீர்த்தம் என்றுதான் பெயர், அது குழாயில் வந்தாலும் சரி, கேனில் வந்தாலும் சரி. எழுபத்து மூன்று வருடமாக அப்படிக் கேட்டுத்தான் வாங்கிக் குடிக்கிறேன். ஏழு முறை திருத்தியும் அது என் நினைவுக்கு வரவில்லை.

"மறுபடி போயிட்டு வந்துடுங்க சார்," என்றார் துறைத்தலைவி. "அப்படியே காய்ச்சிக் குடிக்கறாங்களான்னும் கேட்டுடுங்க."

அன்று மாலையும் மறுநாள் காலையும் நானும் மாணவியும் நாற்பத்தொரு வீட்டுப் படியேறினோம். கடைசி வீடு என்னுடையது.

"தீர்த்தம் எங்கேருந்து வருது மாமி?"

"குழாய்லேர்ந்துதான். பின்னே, பெருமாளா கொண்டுவந்து ஊத்தறார்?" என்றாள் என் மனைவி.

"காய்ச்சுவீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" நான் காலண்டரைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் காட்டினாள். "சிலிண்டர் நாப்பத்திநாலு நாள் வரணும்னு இவர்தான் அதுல குறிச்சு வெச்சிருக்கார். காய்ச்சினா முப்பத்தெட்டா கொறைஞ்சுடுமாம்."

மாணவியின் பேனா தாளுக்கு மேல் நின்றது. "சார், உங்க வீட்டை விட்டுடவா?"

கிடைத்த பதிலில் கை வைக்கக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே மூன்று தடவை சொன்னவன் நான். "எழுதும்மா," என்றேன்.

வெள்ளிக்கிழமை குழு சம்மதித்துவிட்டது. 'காய்ச்சாத வீடுகள் ஒன்பது' என்ற வரியில் மட்டும் ஓர் உறுப்பினர் நின்று, "எல்லாம் படிச்சவங்க இருக்கற தெருவாச்சே?" என்றாராம். நல்லவேளை, நான் போகவில்லை.

இதில் என் கைச்செலவு: நகலுக்கு எண்பத்திரண்டு, ஆட்டோவுக்கு முந்நூற்று நாற்பது, இரண்டு காபிக்கு ஐம்பது, தண்ணீர் காய்ச்ச மனைவி வாங்க வைத்த எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஆயிரத்து நூற்றைம்பது. இனி ஆறு நாள் முன்னதாகத் தீரப்போகும் சிலிண்டரைச் சேர்க்காமல், மொத்தம் 1,622 ரூபாய்.